டர்போ பெட்ரோல் கார் மைலேஜ் கொடுக்கவில்லையா? ‘எப்போது குறைகிறது’ என்பதில் ஆரம்பியுங்கள்

“அண்ணா, பதினாறு கொடுத்துட்டு இருந்த வண்டி இப்போ பன்னெண்டுதான் கொடுக்குது.” பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பேச்சோடுதான் இறங்குகிறார்கள். அதற்குள் வேறு எங்கேயோ ஏர் ஃபில்டர் மாற்றி, பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கிளீனிங் செய்து ஏழெட்டாயிரம் செலவழித்திருப்பார்கள். மைலேஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது குறையுது? காலையில் எடுத்ததுமா, சிக்னலில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, பைபாஸில் போகும்போதா? பெட்ரோல் வீணாகும் நேரம் தெரிந்துவிட்டால் வீணாகும் இடம் பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1.0 முதல் 1.2 லிட்டர் வரை, மூன்று சிலிண்டர், டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின்கள். மாருதியின் பூஸ்டர்ஜெட், ஹூண்டாய்-கியாவின் 1.0 டர்போ, ஃபோக்ஸ்வாகன்-ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ, டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான், நிசான் மேக்னைட்டின் 1.0 டர்போ எல்லாம் இந்தக் குடும்பம். முதல் மூன்றிலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. டாடாவிலும் நிசானிலும் அது வால்வுக்கு முன்னால் இருக்கும் குழாயில் தெளிக்கப்படுகிறது. இந்த வித்தியாசம் பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும்.

இந்த இன்ஜின்களின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ செய்வது, ஒரு லிட்டர் இன்ஜினுக்குள் ஒன்றரை, இரண்டு லிட்டர் இன்ஜின் குடிக்கும் காற்றைத் திணிப்பது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போயே தீரும். மெதுவாக மிதித்தால் ஒரு லிட்டர் இன்ஜின் செலவு, அழுத்தி மிதித்தால் இரண்டு லிட்டர் இன்ஜின் செலவு. ஒரே வண்டியை அண்ணன் ஓட்டும்போது 17, தம்பி ஓட்டும்போது 11 வருவது இதில் சகஜம். அதனால் ஓட்டுகிறவர் சமீபத்தில் மாறியிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். என் நேரமும் உங்கள் பணமும் மிச்சம்.

முதலில், உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

டேஷ்போர்டில் வரும் சராசரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்துப் போடும் கணக்கு அது. உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதே வழக்கம். யாராவது ரீசெட் செய்திருந்தால் வெறும் 20 கிலோமீட்டருக்கான சராசரியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஃபுல் டேங்க் கணக்குதான் சரியானது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். துப்பாக்கி தானாக ‘டக்’ என்று நின்றதும் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது. நிற்கும் இடம் ஓரிரண்டு லிட்டர் முன்னே பின்னே இருக்கும். மூன்று முறை நிரப்பி மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். 1,386 கிலோமீட்டர், 97.6 லிட்டர் என்றால் 14.2. இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

“ரவுண்ட் பண்ணிப் போடுங்க” என்று சொல்லும் பழக்கத்தை இந்த வண்டிகளில் விட்டுவிடுங்கள். துப்பாக்கி நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்பினால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோலே இறங்கிவிடும். அதனால் வரும் தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

டயர் மாற்றினீர்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. 185/65 ஆர்15 இருந்த இடத்தில், பார்க்க நன்றாக இருக்கிறது என்று 205/65 ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் 621லிருந்து 647 மில்லிமீட்டர் ஆகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 4 சதவீதம் அதிகம் நகர்கிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 500 என்று காட்டும்போது நீங்கள் 520 ஓடியிருப்பீர்கள். கணக்கில் மைலேஜ் விழும். அகலமான டயரின் உராய்வால் உண்மையிலும் கொஞ்சம் விழும்.

ஒரு சின்ன ஸ்கேனர் வாங்குங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. செக் இன்ஜின் லைட் எரியாவிட்டாலும் இது பேசும். நமக்கு முக்கியமாக வேண்டியது மூன்று எண்கள்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பம், இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம், நீண்டகால ஃப்யூயல் டிரிம் (கீழே விளக்குகிறேன்).

இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய வெளி வெப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். வெளியே 27 டிகிரி, காற்று 28, கூலன்ட் மட்டும் 9 என்று காட்டினால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. அதை நம்பி இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) குளிர்காலம் என்று பெட்ரோலை ஊற்றுகிறது. அழுத்தமும் அப்படித்தான். இன்ஜின் ஓடாதபோது அது ஊரின் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கல் பக்கம், கோயம்புத்தூரில் 96 பக்கம், ஊட்டியில் 77 பக்கம். கடற்கரையில் நிற்கும் வண்டி 112 காட்டினால் சென்சார் தவறு, அல்லது அதன் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு நிமிடச் சோதனை இது. வண்டி வந்ததும் இதைத்தான் நான் முதலில் செய்கிறேன்.

ஃப்யூயல் டிரிம் என்பது இசியூ தன் மனக்கணக்கில் செய்யும் திருத்தம். ஆக்சிஜன் சென்சார் “எரிந்த பிறகும் காற்று மிஞ்சுது” என்றால் பெட்ரோலைக் கூட்டும், எண் பிளஸ் ஆகும். “காற்று போதலை” என்றால் குறைக்கும், எண் மைனஸ் ஆகும். பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். பிளஸ் என்றாலே பெட்ரோல் வீணாகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். எங்கோ சின்ன ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால், அதற்கு ஈடாக இசியூ பெட்ரோல் கூட்டி விகிதத்தைச் சரிசெய்துவிடும். மைலேஜ் பெரிதாக விழாது. மைலேஜை உண்மையில் தின்பவை மைனஸ் பக்கம் நிற்கும் கோளாறுகளும், ஆக்சிஜன் சென்சாரையே ஏமாற்றும் கோளாறுகளும்.

காலையிலும் குட்டி ஓட்டங்களிலும் மட்டும் மோசம்

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், அங்கிருந்து கடை, கடையிலிருந்து வீடு. இப்படி ஓடும் வண்டி 9, 10 கொடுத்தால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். நமக்கு 30 டிகிரி வெயில். இன்ஜினுக்கு அது குளிர். வேலை செய்ய அதற்கு 90 டிகிரி பக்கம் வேண்டும். அதுவரை ஐட்லிங் ஆயிரத்துக்கு மேல் ஓடும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்குவதற்காக தீப்பொறி வேண்டுமென்றே தாமதமாகக் கொடுக்கப்படும், ஆயில் கெட்டியாக இருக்கும். சூடாகி முடிக்கும்போது உங்கள் பயணமும் முடிந்துவிடும். மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதுதான் இதற்கு வைத்தியம்.

ஆனால் 15 நிமிடம் ஓடிய பிறகும் கூலன்ட் 85ஐத் தொடவில்லை என்றால், அது ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். போன வருடம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வண்டி கொண்டுவந்தார். டவுனுக்குள் 78 டிகிரி. பைபாஸில் 80 வேகத்தில் போனால் ஏற வேண்டிய எண் இறங்கிக்கொண்டே வந்து 62இல் நின்றது. தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றினோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு, ஓரத்தில் பழைய ரப்பர் வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முறை வண்டி சூடானபோது யாரோ “நம்ம ஊரு வெயிலுக்கு இது வேண்டாம்” என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள். பழைய அம்பாசிடர் காலத்து வழக்கம் அது. இன்றைய இசியூ 62 டிகிரியைப் பார்த்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்றுதான் முடிவு செய்யும். சேலம் வரை போனாலும் சூடாக்கும் கட்டத்திலேயே பெட்ரோல் ஊற்றும். புதுத் தெர்மோஸ்டாட் போட்டதும் 89இல் நிலைத்தது. மூன்று டேங்க் கழித்து அந்தத் தம்பி போன் செய்தார்: 12.9 இருந்தது 15.4.

இந்தக் கோளாறுக்கு ஸ்கேனரில் பி0128 என்ற கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) வரலாம், வராமலும் போகலாம். ஸ்கேனர் காட்டும் வெப்ப எண்ணை நம்புங்கள். டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை நம்ப வேண்டாம். 75 முதல் 105 வரை நடுவிலேயே நிற்கும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள்.

சிக்னலில் நிற்கும்போது கரைகிறது

நெரிசலில் மட்டும் மோசம் என்றால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏசி ஓட நின்றுகொண்டிருக்கும் இந்த இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கும். 12 கிலோமீட்டர் வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகிறது, அதில் 25 நிமிடம் நின்ற நேரம் என்றால், நின்றதற்கு மட்டும் 0.4 லிட்டர். ஓடியதற்கு 14 கணக்கில் 0.86 லிட்டர். மொத்தத்தில் லிட்டருக்கு 9.4தான் தேறும். வண்டியில் ஒரு குறையும் இல்லை. தானாக அணைந்து எழும் வசதி இருந்தால் அதை ஆஃப் செய்து வைக்காதீர்கள். அது வேலை செய்யாமல் போனால் பேட்டரி சோர்ந்திருக்கிறது என்பதற்கும் அதுவே முதல் அறிகுறி.

கோளாறு இருந்தால் ஐட்லிங்கில் இப்படித் தெரியும். சூடான இன்ஜின், ஏசி ஆஃப், மேனிஃபோல்டு அழுத்தம் 30 முதல் 45 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். 55, 60 என்று நின்றால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது இன்ஜின் சுமை இழுக்கிறது. டிரிம் ஐட்லிங்கில் பிளஸ் 14, ஆக்சிலேட்டரை 2,500 வரை பிடித்தால் பிளஸ் 3 ஆக இறங்குகிறது என்றால் இன்ஜின் காற்றை உறிஞ்சும் (வேக்கம்) பக்கம் ஓட்டை. வால்வு கவரில் இருக்கும் காற்றோட்ட வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் இதே கதைதான். அதில் கூடவே விசில் சத்தம் வரும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் போனால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

இனி அந்தக் கரிப் பெட்டி. பெட்ரோல் போட்டு முடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஆனபின் இரண்டு நிமிடம் தடுமாறுகிறது, பெட்ரோல் வாடை வருகிறது, டிரிம் மைனஸ் பக்கம் சரிகிறது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால், பெட்டியில் இருக்கும் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சோதிப்பது எளிது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். பர்ஜ் வால்வின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். கரிப் பெட்டியிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து உருவி, அந்தத் துளையில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். விரலை உறிஞ்சினால் வால்வு போய்விட்டது. மாற்றுவது பத்து நிமிட வேலை.

மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை

டர்போ வண்டிக்கே உரிய பகுதி இது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை இப்போது இரண்டாவதில் ஏறுகிறீர்கள். மிதித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு காற்றுச் சத்தம். உங்களை அறியாமலே கால் இன்னும் ஆழமாகப் போகிறது. மைலேஜ் விழுகிறது.

சாலை காலியாக இருக்கும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம், ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் நூறைத் தாண்டி மளமளவென்று ஏற வேண்டும். இந்த வகை இன்ஜின்களில் பொதுவாக 180க்கு மேல் போகும். 130இல் திணறி நின்றால் டர்போ தள்ளும் காற்று வழியில் கசிகிறது, அல்லது டர்போவே தள்ளவில்லை. பி0299 என்ற கோடும் வந்திருக்கலாம்.

உடனே டர்போவை மாற்றச் சம்மதிக்காதீர்கள். டர்போ விலை நாற்பது, ஐம்பதாயிரத்தில் நிற்கும். ஹோஸ் விலை இரண்டு மூன்றாயிரம். முதலில் பானெட்டைத் திறந்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), அங்கிருந்து த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவு) போகும் குழாய்களை டார்ச் அடித்துப் பாருங்கள். டர்போ வழியாக வரும் காற்றில் எப்போதும் லேசான ஆயில் பனி இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே தெறித்து, தூசி ஒட்டி, ஈரமான கருப்புத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டுதான் அடையாளம். மேட்டூரிலிருந்து வந்த ஒரு வண்டியில், இன்டர்கூலருக்குப் பின் வளையும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் இப்படி உள்ளங்கை அளவு திட்டு. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போல இருந்தது. திட்டு இருந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு இரண்டு கட்டை விரலாலும் ஹோஸை மடக்கினேன். மீன் வாய் திறப்பதுபோல ஒன்றரை இஞ்ச் பிளவு திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஐட்லிங்கில் அது மூடியே இருக்கும். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வரும்போது மட்டும் திறக்கும். அதனால்தான் மூன்று இடத்தில் காட்டியும் யாருக்கும் பிடிபடவில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை அடைத்து 10 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, எல்லா மூட்டுகளிலும் சோப்பு நீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம் ஓட்டை. அதற்கு மேல் அழுத்தம் கொடுத்தால் நல்ல சீல்களும் பிதுங்கிவிடும்.

இதில் வண்டிக்கு வண்டி ஒரு வேறுபாடு உண்டு. காற்றை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே அளந்துவிடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டியில், அளந்த காற்று வழியில் வெளியேறுகிறது. இசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கிறது. சைலன்சர் நுனியில் கரி படியும், மைலேஜ் நன்றாகவே விழும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டியில் விகிதம் கெடாது; டர்போ கூடுதலாக உழைக்கும், நீங்கள் கூடுதலாக மிதிப்பீர்கள், அவ்வளவுதான். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்தால் டிரிம் எண்ணைப் படிப்பது எளிது.

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தும் பூஸ்ட் வரவில்லை என்றால் வேஸ்ட்கேட்டை (டர்போவைத் தொடாமல் புகையை வெளியே விடும் கதவு) பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு அதன் கம்பி தடையில்லாமல் அசைகிறதா, மூடும் நிலைக்கு முழுதாக வருகிறதா என்று பாருங்கள். மழைக்காலம் முடிந்து துரு பிடித்து இறுகி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டர் இந்தப் பட்டியலில் ஏன் முதலில் வரவில்லை என்று கேட்பீர்கள். கார்பரேட்டர் காலத்தில் அது மைலேஜைக் கெடுத்தது உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கிறதே தவிர மைலேஜைக் குறிப்பிடும்படி பாதிப்பதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தே சொன்னது. இழுவை குறைந்தால் டர்போ வண்டியில் கால் ஆழமாகப் போகும் என்பதால் நேரத்துக்கு மாற்றுங்கள். அதை மாற்றினால் மூன்று கிலோமீட்டர் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சைலன்சர் நுனியில் கரி, டிரிம் மைனஸ்

விரலை விட்டுத் துடைத்தால் மை போல ஒட்டுகிறது, டிரிம் மைனஸ் 12. எங்கிருந்தோ கேட்காத பெட்ரோல் வருகிறது. பர்ஜ் வால்வைச் சோதித்தாயிற்று என்றால் அடுத்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயிலை முகர்ந்து பாருங்கள். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில், குட்டி ஓட்டமே ஓடினால் எரியாத பெட்ரோல் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அந்த ஆயில் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிக் காற்றோட்டக் குழாய் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் வரும். இசியூ அதைப் பார்த்துவிட்டுத் தன் பெட்ரோலைக் குறைக்கும். ஆயில் மாற்றியதும் டிரிம் நேரானால் விஷயம் இதுதான். சில வாரங்களிலேயே மறுபடி அளவு ஏறினால் ஹை பிரஷர் பம்ப்பின் சீலோ, கசியும் இன்ஜெக்டரோ காரணம். இதைத் தள்ளிப் போடாதீர்கள். அதே நீர்த்த ஆயில்தான் டர்போவின் பேரிங்கைக் காப்பாற்ற வேண்டும்.

ஆயில் மாற்றும்போது புத்தகத்தில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். “நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான்” என்று ஊற்றினால் பிஸ்டன் அந்தக் கெட்டியை ஒவ்வொரு சுற்றும் இழுக்க வேண்டும்.

கரி இருக்கிறது, டிரிமோ பிளஸ்ஸில் நிற்கிறது என்றால் குழப்பமாக இருக்கும். இங்கேதான் சென்சார் ஏமாறுகிறது. முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக் காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து “காற்று அதிகம்” என்று சொல்ல, இசியூ தேவையில்லாமல் பெட்ரோல் கூட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் மறையும் சத்தம் இதன் அறிகுறி. ஒரு பிளக் மிஸ் ஆனாலும் இதே ஏமாற்றுதான்: எரியாமல் போன காற்றைச் சென்சார் பார்க்கிறது, பெட்ரோல் கூடுகிறது. டர்போ இன்ஜினில் பிளக் இடைவெளி சிறியது, பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டாமல் புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டுவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

காலை எடுத்தால் வண்டி உருள மாட்டேன் என்கிறது

இன்ஜின் எண்கள் எல்லாம் சரி. ஆனால் சமதரையில் நியூட்ரலில் விட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் தானாக உருண்டு நிற்கவிடுங்கள். இறங்கி நான்கு வீலின் நடுவிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடியுங்கள். அது இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். மூன்று வீலில் வழிந்து, ஒன்றில் மட்டும் ‘சுர்’ என்றால் அந்த வீலின் பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். காலிப்பர் நகரும் ஊசிகளைக் கழற்றி, துடைத்து, அதற்கான கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் சக்கரம் சுட்டால் ஹேண்ட் பிரேக் கேபிளை யாரோ இறுக்கியிருப்பார்கள்.

டயர் காற்றை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். ஒரு பிஎஸ்ஐ குறைவுக்கு 0.2 சதவீதம் பக்கம்தான் மைலேஜ் போகும் என்பதால் காற்றை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. டயரின் உள் ஓரம் மட்டும் ரம்பம் போலத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் செய்யுங்கள்.

மேனுவல் வண்டியென்றால் கிளட்சையும் ஒரு முறை: நான்காவது கியரில் 40 வேகத்தில் அழுத்தி மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வேக முள் பின்னால் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

பைபாஸில் மட்டும் எதிர்பார்த்தது வரவில்லை

80இலிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. கிருஷ்ணகிரி சாலையில் 80இல் போனால் மேனிஃபோல்டு அழுத்தம் நூறுக்குக் கீழேயே இருக்கும். 120இல் எதிர்க்காற்றிலும் மேட்டிலும் அது நூறைத் தாண்டிக்கொண்டே இருப்பதை ஸ்கேனரில் பார்க்கலாம். நூறைத் தாண்டினால் டர்போ திணிக்கிறது என்று அர்த்தம். அதற்கும் மேலே, நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் டர்போவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வெந்துவிடாமல் இருக்க இசியூ வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் ஊற்றிக் குளிர்விக்கும். அந்த நேரத்தில் 14.7 என்ற கணக்கே கிடையாது. கோளாறு தேட வேண்டாம். 95க்கு இறங்கி ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று, ஒன்றரை குறைகிறது

இங்கே பெட்ரோலைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு லிட்டர் சுத்தப் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல், எத்தனாலில் 21தான். இன்று பங்கில் வரும் இ20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், முன்பு வந்த இ10 என்றால் பத்தில் ஒரு பங்கு. ஆற்றல் சுத்தப் பெட்ரோலைவிட 6, 7 சதவீதமும், இ10ஐவிட மூன்றரை சதவீதமும் குறைவு. இ10 காலத்தில் 15 கொடுத்த வண்டி இன்று 14.5 கொடுத்தால் அது பெட்ரோலின் கணக்கு, வண்டியின் குற்றம் இல்லை. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சீரமைத்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் இழப்பு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இ10க்குச் சீரமைத்த வண்டியில் இன்றைய பெட்ரோலில் டிரிம் பிளஸ் 4 பக்கம் நின்றால் அதுவும் இயல்பே. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் இசியூ எரிபொருளைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பிளஸ் 4ஐத் துரத்தி யாரும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம்.

ஆனால் 15 கொடுத்தது 11 ஆனால் அதற்கு எத்தனாலைக் காரணம் சொல்லி அனுப்புகிறவர்களை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு மேலே சொன்னவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். அதேபோல விளம்பரத்தில் வரும் ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். அது உருளை மேல் நிறுத்தி, ஏசி இல்லாமல், 90ஐத் தாண்டாத வேகத்தில் ஓட்டி எடுத்த எண். உங்கள் வண்டி சென்ற வருடம் கொடுத்ததோடு இந்த வருடம் கொடுப்பதை ஒப்பிடுங்கள்.

சரிசெய்த பிறகு

பேட்டரியைக் கழற்றியோ ஸ்கேனரில் கோடுகளை அழித்தோ இருந்தால் இசியூ கற்றுவைத்த டிரிம் எண்கள் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். மறுபடி கற்றுக்கொள்ள நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். டவுன், பைபாஸ் இரண்டும் அதில் இருக்கட்டும். அதற்குள் டிரிம்மைப் பார்த்து “சரியாயிடுச்சு” என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் டேங்கையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது டேங்கிலிருந்து, அதே பங்க், அதே ‘டக்’, மூன்று முறை. பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணையும், தேதியையும், மாற்றிய பொருளையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள்.